சேகருக்கு, போர் முடிந்த ஊரிலிருந்து

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் துணி காயப்போட ஏறத்தான் செய்கிறார். உன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. பாயசத்தில் மறுபடியும் அதே கூத்து. விவரத்தைப் பெரியப்பாவிடம் கேட்டுக்கொள், அவர் சொன்னால்தான் ருசி.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பிள்ளைகளை யார்க்டவுன் கூட்டிப் போன படங்களை அனுப்பி, "அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த இடம்" என்று கீழே போட்டிருந்தாயே, கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், பிறந்து வளர்ந்தவன் போடுகிற வரியாடா அது? 1781 அக்டோபரில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் அங்கே சரணடைந்தது வாஸ்தவம். அமெரிக்க மண்ணில் பெரிய சண்டைகள் அதோடு ஓய்ந்தன. ஆனால் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததிலிருந்து அந்தப் போர் கடல் கடலாகப் பரவிவிட்டது. அதன் கடைசிச் சண்டை நடந்தது 1783 ஜூனில், நீ சைக்கிள் பழகிய ஊரில்.

பிரெஞ்சுக்காரர்கள் 1782 ஏப்ரலில் ஹைதர் அலியின் துணையோடு கடலூரை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758-லேயே பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்துப் போட்டாயிற்று. அதனால் அவர்கள் பலப்படுத்தியது நம் பழைய ஊரை, மதில் சூழ்ந்த துறைமுகத்தை. பிரான்சிலிருந்து பெரிய உதவி வரும் என்று ஹைதர் காத்திருந்தார். அது பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் தலைமையில் பரங்கிப்பேட்டையில் இறங்கியபோது மார்ச் 1783. ஹைதர் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கண்ணை மூடியிருந்தார். புதுச்சேரியில் புஸ்ஸி வீதியில் அலைந்து அலைந்து சாப்பிடுவோமே, அந்தப் புஸ்ஸிதான். தக்காணத்தையே ஆட்டிவைத்த மனிதர், கடலூருக்கு வரும்போது அறுபது தாண்டி, கீல்வாதத்தில் நடக்க முடியாமல் இருந்தார்.

எதிர்ப்பக்கம் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட். அவருக்கு ஒரு கால்தான். மற்றதை 1781-இல் பொள்ளிலூரில் பீரங்கிக் குண்டு எடுத்துவிட்டது. சென்னையிலிருந்து ஏப்ரல் கடைசியில் கிளம்பி ஜூன் முதல் வாரம்தான் இங்கே வந்து சேர்ந்தார். வேண்டுமென்றே மெதுவாக வந்தார் என்று கவர்னர் மெக்கார்ட்னிக்கு அவர் மேல் தீராத கோபம். அவர் படையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த இரண்டு ரெஜிமெண்டுகள், இங்கிலாந்து ராஜாதான் அவர்களுக்கும் அதிபதி என்பதால். நம் பக்கத்துச் சிப்பாய்கள். வங்காளத்திலிருந்து ஒரிசா கடற்கரை வழியாகச் சென்னை வரை நடத்தியே கூட்டி வரப்பட்ட சிப்பாய்கள். மதிலுக்கு உள்ளே பிரெஞ்சுச் சிப்பாய்கள், அவர்களோடும் நம் ஆட்கள். அமெரிக்கப் போரைக் கிளப்பிவிட்ட பாஸ்டன்காரனின் தேயிலை வரிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு?

ஜூன் 13 விடியற்காலையில் ஸ்டூவர்ட் ஊருக்கு வெளியே இருந்த அரண்களைத் தாக்கினார். நாள் முழுக்கச் சண்டை. ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஏறக்குறைய 1,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அரண்கள் கைக்கு வந்தன. அன்று இரவே பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குள் பின்வாங்கிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். ஆனி மாத வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளிச் சட்டை போட்டு, நம் மணலில் பதுங்குகுழி வெட்டியவர்களை நினைத்துப் பார். நம் மணல் வெட்ட வெட்டச் சரியும்.

அப்புறம் கடல். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் 15. சுஃப்ரனுக்கு ஆள் பற்றாக்குறை. முற்றுகையில் சிக்கியிருந்த புஸ்ஸியிடமே 1,200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். என்ன துணிச்சல் பார்! ஜூன் 20 சாயங்காலம் மூன்று மணி நேரம் போல நெருங்கி நின்று சுட்டுக்கொண்டார்கள். இரு பக்கமும் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் காய்கறி பழம் இல்லாமல் வருகிற ஸ்கர்வி நோயில் கொத்துக் கொத்தாகப் படுத்துக் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். சுஃப்ரன் கடனை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார், 2,400 பேரைக் கரையில் இறக்கினார். கப்பலையே நம்பியிருந்த ஸ்டூவர்ட்டுக்கு இப்போது கடல் பக்கம் அடைப்பு. முற்றுகை போட்டவரே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட நிலைமை.

இதை வகுப்பில் சொன்னபோது, தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற ஒரு பையன் எழுந்து, "சார், அத்தனை பேரும் எந்தப் போட்டில் இறங்கினார்கள்?" என்று கேட்டான். ஜெனரல்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது. பெரிய கப்பல் நம் கரைக்குக் கிட்டே வர முடியாது. அந்தக் காலத்தில் அலையைத் தாண்டிக் கொண்டுவந்தது மசூலாப் படகு. ஆணியே கிடையாது, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். சோழமண்டலக் கரை முழுக்க ராஜாவின் ஆளானாலும் கம்பெனியின் மூட்டையானாலும் நம் கரைக்காரர்கள் கையில்தான் தரை தொட்டது. "உங்க தாத்தாவின் தாத்தாக்கள் ஓட்டியதுடா" என்றேன். அந்த வகுப்பு அன்றைக்குத்தான் வகுப்பாக இருந்தது.

ஜூன் 25 விடிவதற்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கினார்கள். துப்பாக்கிக் கத்தியோடு கத்தி மோதி, வங்காளச் சிப்பாய்கள் பின்வாங்காமல் நின்றார்கள். தாக்குதல் தோற்றது. பிடிபட்ட ஒரு சார்ஜெண்ட்தான் பிற்காலத்தில் ஸ்வீடன் ராஜாவான பெர்னதோத் என்று ஒரு கதை உலவுகிறது. ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. எனக்கும் அதில் ஆர்வம் இல்லை. ராஜாவாகாமல் போனவர்களைப் பற்றித்தான் நான் இரவெல்லாம் யோசிக்கிறேன்.

ஏனென்றால் ஜூன் கடைசியில் 'மெடியா' என்ற ஆங்கிலக் கப்பல் சமாதானக் கொடியோடு வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன என்று செய்தி. எப்போது போட்டார்களாம்? ஜனவரி 20! தை மாதம் பிரான்சின் வெர்சாயில் போட்ட கையெழுத்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஆனியில் கடலூர் வந்து சேர்கிறது. புஸ்ஸி வந்து இறங்கும் முன்பே சமாதானம். ஸ்டூவர்ட் சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே சமாதானம். ஜூன் 13-இல் விழுந்தவர்கள், 20-இல் கப்பலில் செத்தவர்கள், 25-இல் குத்துப்பட்டவர்கள், அத்தனை பேரும் இல்லாத ஒரு போரில் செத்தவர்கள். இரு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டன, கடலூர் ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது. அதே வேளையில் மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்புவை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். அவருக்குப் போர் முடியவில்லையே! 1784 மார்ச் வரை அவர் தனியாக நின்றார்.

பெரியவர்களுக்கு நடந்ததெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட்டை மெக்கார்ட்னி கைது செய்து கப்பலேற்றினார். 1786-இல் லண்டனில் இருவரும் துப்பாக்கி பிடித்து நேருக்கு நேர் நின்றார்கள். ஒற்றைக் கால்காரர் மரத்தில் சாய்ந்துகொண்டு சுட்டு மெக்கார்ட்னியைக் காயப்படுத்தினார். இதெல்லாம் தேதி வாரியாகக் கிடைக்கிறது. நம் சிப்பாய்களின் பெயர் கேட்டால் எண்ணிக்கைதான் வருகிறது, பெயர் வருவதில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது சேகர்.

உன் பெரியவளுக்கு ஒன்று சொல். 1782-இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். டெலவேர் விரிகுடாவில் அது ஓர் ஆங்கிலேயக் கப்பலைச் சண்டை போட்டுப் பிடித்தது. அவர்களுக்கு அன்றைக்கு நம்மைத் தெரிந்திருந்தது. அவள் பள்ளியில் சொல்லட்டும்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் தேதியை இப்போதே எழுது. அரையாண்டு விடுமுறையில் வகுப்புப் பிள்ளைகளைத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓ.டி. துறைமுகம் வரை நடத்திக் கூட்டிப் போகத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். உன் பிள்ளைகளும் நடக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி