பழைய உருக்குச் சைக்கிள்களை வெட்டாமல் மாற்றலாம்

ஆசிரியருக்கு,

அன்புடையீர்,

ரொறன்ரோவில் நம் இளையோர் பழைய பத்துக் கியர் சைக்கிள்களை மலிவாக வாங்கி, கியர்களைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கர வண்டிகளாக மாற்றி ஓடுவதைப் பற்றித் தங்கள் இதழின் இளையோர் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழமையான ஒரு வண்டியைக் குப்பைக்குப் போகவிடாமல் மீண்டும் வீதிக்குக் கொண்டுவருவது நல்ல காரியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அக்கட்டுரை சொல்லிக்கொடுத்த முறையில் இரண்டு விடயங்கள் பிழையானவை. அவற்றில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது.

ஆபத்தானதையே முதலில் சொல்கிறேன். பெடல் நின்றாலும் சில்லை உருளவிடும் பிறீவீலைப் பின் சில்லிலிருந்து கழற்றி, அதே புரியில் சில்லோடு சேர்ந்தே சுற்றும் நிலையான பல்சக்கரம் ஒன்றை இறுக்கிவிட்டால், பெடலைப் பின்னோக்கி அழுத்தியே வண்டியை நிறுத்தலாம், பிறேக் வேண்டியதில்லை என்று எழுதப்பட்டிருந்தது. பந்தயத் தடத்துக்கென்று செய்த ஹப்பில், அதாவது சில்லின் நடுக்கூட்டில், பல்சக்கரத்துக்கு வலப்பக்கம் சுற்றினால் இறுகும் ஒரு வலம்புரியும், அதற்கு வெளியே பூட்டு வளையத்துக்கென்று இடப்பக்கம் சுற்றினால் இறுகும் சற்றுச் சிறிய இடம்புரியும் இருக்கும். பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயன்றால், எதிர்ப்புரியில் இருக்கும் வளையம் அதைத் தடுத்துப் பிடிக்கும். 1970களின் வீதிச் சைக்கிள் ஹப்பில் பிறீவீலுக்கான வலம்புரி மட்டுமே உண்டு. அதில் பூட்டிய நிலையான பல்சக்கரம், ஓட்டுபவர் இறக்கத்தில் முழுப் பலத்தோடு பின்னோக்கி அழுத்துகின்ற அந்த நேரத்தில்தான் கழன்று சுற்றத் தொடங்கும். பிறேக்கும் இல்லையென்றால் வண்டியை நிறுத்த வேறு வழியே இல்லை. உலர்ந்த சமதரையில் பின் சில்லைச் சறுக்கி நிற்கச் செய்யக்கூடிய ஒரு பிறேக்காவது சைக்கிளில் இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமும் சொல்கிறது. ஒற்றைப் பல்சக்கரம்தான் வேண்டுமென்றால், ஒற்றைப் பிறீவீலை அதே புரியில் பூட்டி, முன்னும் பின்னும் பிறேக்குகளை வைத்துக்கொள்வதே முறை.

இரண்டாவது பிழை, பிறேமை "சுத்தமாக்க" வேண்டும் என்று கூறி, கியர் மாற்றி தொங்கும் காதையும் கேபிள் பிடிக்கும் சிறு காதுகளையும் கிறைண்டரால் வெட்டி எடுக்கச் சொன்னது. கழற்றியதைத் திரும்பப் பூட்டலாம். வெட்டியதை என்ன செய்வது? அந்தப் பிறேம்களில் நல்லவை பல பேர்மிங்ஹாமின் றெனோல்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 குழாயால் ஆனவை. மாங்கனீசும் மொலிப்டினமும் கலந்த அந்த உருக்குக் குழாயின் சுவர், பொருத்து வரும் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். கிறைண்டர் சற்றுத் தவறிக் குழாயில் பட்டால், கண்ணுக்குத் தெரியாமலே பிறேம் பலவீனமாகிவிடும். இந்த நகரின் வெஸ்டன் பகுதியில் சைக்கிள் செய்த சி.சி.எம். என்ற கனடிய நிறுவனத்தின் தொழிற்சாலையும் 1983இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இருக்கின்ற பிறேம்களைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டுரை அறவே விட்டுவிட்டது. பூச்சின் பளபளப்பு எதையும் சொல்லாது. ஹான்டிலுக்குக் கீழிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாயின் அடிப்புறத்தை, மேல் பொருத்துக்குச் சற்றுப் பின்னால் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே மெல்லிய மடிப்போ பூச்சில் குறுக்கு வெடிப்போ இருந்தால், அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. அடுத்து சீற்றுத் தண்டு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியத் தண்டு உருக்குக் குழாய்க்குள் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றாக இறுகிவிடும். அதை எடுப்பது பல நாள் வேலை. தண்டு வெளியே வந்தால், குழாய்க்குள் ரோர்ச் அடித்துக் கறளைப் பாருங்கள். இந்நாட்டில் பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு, தண்ணீரோடு இறங்கி பெடல் அச்சுக் கூட்டில்தான் தேங்கும். வெளியே ஒரு புள்ளிக் கறளும் இல்லாத பிறேம், அங்கே உள்ளிருந்து தின்னப்பட்டிருக்கலாம்.

புரிகளைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். பெடல் அச்சைத் தாங்க, அதன் கூட்டின் இரு பக்கமும் புரியுள்ள கிண்ணங்கள் இருக்கும். ஆங்கிலேய வண்டிகளில் வலப்பக்கக் கிண்ணம் இடம்புரி. பிரெஞ்சு வண்டிகளில் பெரும்பாலும் இரு பக்கமும் வலம்புரி. நொட்டிங்ஹாமில் செய்த பல றலி வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 சுற்று என்ற தனிப் புரி; மற்ற ஆங்கிலேய வண்டிகளுக்கு 24. கிண்ணங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மாறிப் பூட்டி இறுக்கினால் கூட்டின் புரி அழிந்துபோகும். பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிடிக்கும் கொட்டர் பின்கூட றலிக்கு 9.5 மில்லிமீற்றர், பிரெஞ்சு வண்டிகளுக்குப் பெரும்பாலும் 9 மில்லிமீற்றர்.

இங்கே அதிகம் கிடைக்கும் பேஜோ யூ.ஓ.8 என்ற பிரெஞ்சு வண்டியை எடுத்துக்கொண்டால், மாற்ற வேண்டியவை எல்லாம் கழற்றக்கூடியவையே. அதன் பிளாஸ்டிக் கியர் மாற்றிகள் வயதாகி வெடிப்பவை. குரோமியம் பூசிய உருக்கு ரிம்மில் மழை நாளில் பிறேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் போடுவது ஒன்றே அந்த வண்டியை வேறொரு வண்டியாக்கிவிடும். 27 அங்குல ரிம்மின் ரயர் அமரும் விட்டம் 630 மில்லிமீற்றர். இன்றைய 700சி ரிம்முக்கு 622. வித்தியாசம் ஆரத்தில் 4 மில்லிமீற்றர்தான். பிறேக் கட்டைகள் அந்த அளவு கீழே இறங்குமா என்று அளந்த பிறகே சில்லு வாங்க வேண்டும்.

என் கருத்தில், டொன் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒற்றைப் பல்சக்கரத்தைவிட கியர் உள்ள வண்டியே பொருந்தும். பின் சில்லு அமரும் இரு கவைகளுக்கு இடையிலான இடைவெளி, ஐந்து பல்சக்கரங்களுக்கு 120 மில்லிமீற்றர். ஆறு, ஏழுக்கு 126. உருக்கு என்பதால் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் நிதானமாக விரித்துக்கொள்ளலாம். அலுமினியப் பிறேமில் இதைச் செய்யவே கூடாது. விரித்த பிறகு, பின் கவை ஒன்றிலிருந்து ஹான்டில் குழாயைச் சுற்றி மற்றக் கவைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீற்றுக் குழாய்க்கும் உள்ள தூரம் இரு பக்கமும் சமமா என்று அளக்க வேண்டும். அந்த அளவு சரிவராமல் வண்டி நேராக ஓடாது.

இவ்வேலைகளைச் செய்து காட்டக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்தின் பிழைப்பே சைக்கிளில்தான் ஓடியது. றலி, ஹம்பர் வண்டிகளின் கொட்டர் பின்னை, கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து ஒரே அடியில் கழற்றிய ஐயாமார், அண்ணைமார் பலர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஓய்வில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் கராஜில் அவர்கள் ஒரு மாலைப்பொழுது நின்றாலே பல பிறேம்கள் தப்பும். அவர்களைக் கண்டு தங்கள் இதழ் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கு முன்னர், கட்டுரையை நம்பி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டவர்களின் பாதுகாப்புக்காக, பூட்டு வளையத்துக்கான புரி இல்லாத ஹப்பில் நிலையான பல்சக்கரம் பூட்டக் கூடாது என்பதையும், பிறேக்குகளைக் கழற்றக் கூடாது என்பதையும் அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ.