நாத்தனாரைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், உனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் உள்ள தொடர்பை டாக்டர் வந்துதான் சொல்ல வேண்டுமா? நாத்தனாருக்கு மறதி வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய், அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் நலம். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் விடுவதாக இல்லை. போன் அடித்தால் பாதி கேஸ் விவாதம், பாதி கல்யாண அழைப்பு.

குழந்தைகள் நலத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், முதியோர், மறதி நோயான டிமென்ஷியா என்றே எப்படி இருந்துவிட்டாய் என்று கேட்டிருக்கிறாய். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. பாடம் நடத்தப் போன சோஷியல் வொர்க் துறையில் நான்தான் இளையவள். யாரும் எடுக்க விரும்பாத பாடம் என் தலையில் விழுந்தது. மாணவர்களைக் களப்பணிக்கு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குழந்தைகள், பெண்கள், மருத்துவமனை என்று எல்லாம் நிரம்பிவிடும். மிச்சமிருப்பவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதியோர் பக்கம் வருவார்கள். இனவெறி, பெண்களை மட்டமாக நினைப்பது ஆகியவற்றின் வரிசையில் வயதை வைத்து ஒதுக்குவதையும் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் சேர்த்தார். எங்கள் வினாத்தாளில் அது இரண்டு மார்க் கேள்வி. அதைச் சரியாக எழுதிய அதே பிள்ளைகள்தான் முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதார்கள்.

வந்தது அப்படி. தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு. முதல் வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் கேஸ் ஒன்று உண்டு. 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் கேள்வி கேட்டுக் குறித்துவைத்த தாள்கள் 1990-களில் திரும்பக் கிடைத்தன. பெயர் என்ன என்றால் ஆகஸ்தே என்கிறார். கணவர் பெயர் என்ன என்றாலும் ஆகஸ்தே என்கிறார். 1906-இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து அல்சைமர் அறிவித்ததுதான், அவர் பெயரிலேயே அல்சைமர் நோய் என்று மருத்துவ வரலாறு ஆனது. சரி, அந்தக் கணவர்? ரயில்வே குமாஸ்தா. ஊர் உலகத்துக்கெல்லாம் அந்தப் பெண்ணின் மூளையைத் தெரியும், கணவர் பெயரை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஒரு சோஷியல் வொர்க்கர் இருந்திருந்தால் யாரிடம் போய் உட்கார்ந்திருப்பார் என்று கேட்பேன். வகுப்பே அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே என் வேலைக்காலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்.

இது வெறும் இரக்கம் இல்லை, பலன் உள்ள வேலை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர், அல்சைமர் வந்த கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 406 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடும் உட்கார்ந்து கவுன்சலிங், ஆதரவுக் குழு, தேவைப்பட்டபோது போனில் பேச ஓர் ஆள். நோயாளிக்குப் புதிதாக எந்த மாத்திரையும் இல்லை. அந்தக் குடும்பங்களில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாள் ஏறக்குறைய 557 நாள் தள்ளிப்போனது என்று 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை வருஷம்! மாத்திரை ஒன்று இதைச் செய்திருந்தால் பத்திரிகையெல்லாம் தலைப்புச் செய்தி போட்டிருக்கும்.

வீட்டுக்குள் நடப்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். அதிகம் பேசாத ஒரு பையன் களப்பணிக்குப் போன வீடு. பெரியவருக்கு டிமென்ஷியா. இரவு பத்து மணிக்கு மேல் எழுந்து ஒவ்வொரு கதவாக உலுக்குவார். மகன் அறையைப் பூட்டினால் உள்ளேயிருந்து இடிப்பார். தூக்க மாத்திரையைக் கூட்டினார்கள், தள்ளாடி விழுந்தார். பையன் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் பெரியவருடைய மனைவியான அந்த அம்மாவிடம், “ஐயா என்ன வேலை பார்த்தாங்க?” என்று கேட்டிருக்கிறான். ஃபேக்டரியில் நைட் வாட்ச்மேன், வாழ்நாள் முழுக்க! அப்புறம் என்ன, ஒரு டார்ச், பழைய சாவிக்கொத்து, கோடு போட்ட நோட்டு ஏற்பாடாயிற்று. மகன் கூடவே போக, பெரியவர் ஒவ்வொரு பூட்டையும் இரண்டு தரம் கீழே இழுத்துப் பார்ப்பார். சுற்று முடிந்ததும் நோட்டில் கையெழுத்து. பெயரைக் கேட்டால் தடுமாறுகிறவருக்கு அந்தக் கிறுக்கல் கையெழுத்து மட்டும் தடையில்லாமல் வந்தது. சில ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு சுற்றும் கேட்பாராம். ஆனால் இடிப்பது நின்றது. அந்த அம்மாவும் நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போலத் தூங்கினார். கேஸ் ஹிஸ்டரி எழுதுவது எதற்கு என்று சலித்துக்கொள்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்.

நவோமி ஃபைல் என்று ஒரு சோஷியல் வொர்க்கர், அப்பா நடத்திய முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். குழம்பிப்போன முதியவரைத் திருத்தாதே, அவர் மனசில் ஓடுவதைப் பிடித்துக்கொண்டு பேசு என்றார். அவருடைய முறைக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும், இறந்துபோன கணவரை எங்கே என்று சாயங்காலமானால் கேட்கிற அம்மாவிடம் ஒவ்வொரு நாளும் சாவுச் செய்தி சொல்வதைவிட, “அவரைத் தேடுதா?” என்று கேட்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உன் நாத்தனார். மறதி என்றவுடனே அல்சைமர் என்று முத்திரை குத்தாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் வேறு மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. முதலில் அதையெல்லாம் பார்க்கச் சொல். டிமென்ஷியாதான் என்று முடிவானால், பாங்க் கணக்கு, கையெழுத்து, பின்னால் யார் வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் அவரிடமே இப்போதே கேளுங்கள். அவரை அறையில் உட்காரவைத்துவிட்டு ஹாலில் மற்றவர்கள் கூடி முடிவெடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று பரீட்சை வைப்பார்கள். நீ போகும்போது வாசலிலேயே உன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போ.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் “சிடுசிடுக்கிறாள்” என்று. டிமென்ஷியா உள்ளவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் செலவழிக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த உழைப்பில் 70 சதவீதம் பெண்களுடையது. சிடுசிடுக்காமல் என்ன செய்வாள்? வாரத்தில் ஒரு முழு நாள் உன் வீட்டுக்காரரோ அவர் தம்பியோ அங்கே போய் இருக்கட்டும். “ஏதாவது வேணும்னா சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு வருவது உதவி இல்லை, கிழமையைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய போன் நம்பரை அனுப்பு. அம்மா தூங்குகிற நேரம் எது என்றும் கேட்டு எழுது, அப்போது கூப்பிடுகிறேன். நான் உன் தோழி என்பதை மட்டும் சொல்லிவை, புரொபசர் என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்