100 வாட் வானொலியிலிருந்து அப்பாவுக்கு

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

நவம்பர் மழையில் நீங்கள் எழுதிய கடிதத்துக்கு ஜனவரி முடியும் வரை பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். அண்ணன் நம்மை மறந்துவிட்டான் என்று ஜெபா சொன்னாளாமே. என் சனிக்கிழமைகளை வானொலி எடுத்துக்கொள்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

இந்த ஒஹாயோவில் நான் போகும் ஆலயத்துக்குச் சொந்தமாக ஒரு பண்பலை நிலையம் உண்டு. புதுச்சேரி வானொலி நிலையத்தைப் போல நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு பள்ளி அறையின் மூலையில் ஒரு மேசை, இரண்டு மைக், கூரைமேல் ஓர் ஆண்டெனா, அவ்வளவுதான். சபைகளும் பள்ளிகளும் வணிக நோக்கமின்றி நடத்துவதற்கென்றே 2000ஆம் ஆண்டில் இந்நாட்டு அரசு இத்தகைய சிறு நிலையங்களுக்கு வழிவிட்டது. திறன் 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மஞ்சக்குப்பத்தில் பேசினால் திருப்பாதிரிப்புலியூரில் கேட்கும், பண்ருட்டிக்குக் கேட்காது. செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் கடல் தாண்டி வந்த ஃபீபா வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டவர் நீங்கள். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

இங்கே விளம்பரம் கிடையாது. உதவி செய்த கடையின் பெயரை நன்றியோடு சொல்லலாம். விலையையோ, வாங்குங்கள் என்றோ சொல்லக் கூடாது. போன மாதம் ரொட்டிக் கடைக்கு நன்றி சொல்லும்போது, சனிக்கிழமை மாலையில் அங்கே பாதி விலை என்று நல்லெண்ணத்தில் சேர்த்துவிட்டேன். போதகர் ஓடிவந்து மைக்கை அணைத்தார். வாரந்தோறும் அந்த நேரத்தில்தான் நான் அங்கே போவது வழக்கம், அதனால் வாயில் வந்துவிட்டது. ரொட்டி நன்றாகவே இருக்கும்.

மணிக்கொருமுறை நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருப்பதால் எங்கள் பெயர் 'டபிள்யூ'வில் தொடங்குகிறது. அந்த எழுத்தை நான் சரியாக உச்சரிப்பதில்லை என்று, எண்பதைத் தாண்டிய எதிர்வீட்டு அம்மாள் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறார். இதுவரை பதினொரு சீட்டுகள். இந்தக் கதவைத் தேடி வேறெதுவும் வருவதில்லை என்பதால் எறியவில்லை.

போன வாரம் பனிப்புயலில் ஊர் முழுக்க மின்சாரம் போய், நாங்கள் ஜெனரேட்டரில் ஓட்டினோம். வானிலை எச்சரிக்கையை வாசித்துக்கொண்டிருக்கையில், 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் ஓடுகளைப் பிய்த்தெறிய, நீங்கள் டிரான்சிஸ்டரைப் பாலித்தீன் பையில் சுற்றி அம்மாவின் மடியில் வைத்தது நினைவுக்கு வந்தது. மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இங்கே கடலே இல்லை, அப்பா. அதன்பின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன். அந்தச் சீட்டில் மட்டும் எதிர்வீட்டு அம்மாள் திருத்தம் எதுவும் எழுதவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார்.

நேயர்களின் காணிக்கையைக் கேட்பதும் என் வேலைதான். என் குரலுக்கு நன்றாக வருகிறதாம். அடுக்களைக் கூரைக்கு அனுப்புவதாகச் சொன்ன பணம் ஏப்ரலில் வந்துவிடும், வங்கியில் ஒரு சிறு தாமதம். அதுவரை தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள். ஓட்டைப் பிரிக்கச் சித்தப்பாவை மேலே ஏற்றாதீர்கள். ஜெபாவின் கல்யாணத்துக்காகத் தோப்பை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தானே புயல் சாய்த்த இடத்தில் மறுபடி நட்ட முந்திரி இப்போதுதான் நன்றாகக் காய்க்கிறது. நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் முழுவதுமாக எழுதுங்கள், அதற்குள் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மகன்
சாமுவேல்