பிப்ரவரியில் ஸ்டீல்ஹெட் பிடிக்க வரும் மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக டல்லாஸிலிருந்து சியாட்டில் வருகிறாய், சனி ஞாயிறு கையில் இருக்கிறது, ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க வேண்டும், ஆனால் என்னை மாதிரி ஃப்ளை (முள்ளில் இறகு வைத்துக் கட்டும் பொய் இரை) கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆற்றில் நிற்க உன்னால் முடியாது, படகு வைத்திருக்கும் கைடு யாரையாவது பிடி, மிதப்புப் போட்டால் கட்டாயம் மாட்டுமாமே என்கிறாய். நாலு வரியில் பதில் சொல்ல முடியாத விஷயம் இது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுவிட்டார்கள், அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மிதப்புக்குத்தான் அதிகம் மாட்டும், அதில் உன்னோடு சண்டை இல்லை. நகரும் படகிலிருந்து மிதப்பை விட்டால் நான் காலையெல்லாம் அலசும் தண்ணீரை அரை மணியில் அலசிவிடலாம், மீன் படுத்திருக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் மூக்குக்கு நேராகவே இரை போய்ச் சேரும். ஃப்ளையை நீரோட்டத்தின் குறுக்கே வளைந்து வரவிடும் ஸ்விங்தான் நான் செய்வது, அதில் வெறுங்கையோடு திரும்பும் நாள்தான் அதிகம். தெரிந்தேதான் செய்கிறேன், பந்தாவுக்காக இல்லை. (சரி, கொஞ்சம் பந்தாவும் உண்டு.)

இங்கே மீன் குறைந்துவிட்டது, அதுதான் காரணம். சியாட்டிலை ஒட்டிய ப்யூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் கலக்கும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை 2007ல் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் மத்திய அரசுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஸ்காஜிட், சாக் என்ற இரண்டு ஆறுகளில் வசந்த காலத்தில் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும் சீசன் ஒன்று இருந்தது, உலகம் முழுக்க ஆட்கள் வருவார்கள், அதையும் 2010ல் மூடிவிட்டு 2018 ஏப்ரலில்தான் மறுபடி கொஞ்ச நாளுக்குத் திறந்தார்கள். இங்கே மூடினால் மீன்பிடிக்கிறவன் வீட்டில் உட்காருவானா? படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மேற்கே ஒலிம்பிக் தீபகற்பத்துக்குக் கிளம்பினான். ஹோ, சோல் டக், போகஷீல் என்று நாலைந்து ஆறுகள், அத்தனை கூட்டமும் அங்கே. ஒரே மீன் ஒரே சீசனில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிடிபடுவதெல்லாம் நடக்கிறது. கடைசியில் 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில மீன்துறை அந்தக் கடலோர ஆறுகளில் படகில் இருந்தபடி தூண்டில் போடுவதையே தடை செய்தது, இரையும் கூடாது, எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் மட்டும்தான் என்றது. 2022ல் மார்ச் 1ஆம் தேதியே சீசனை முடித்துவிட்டார்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, ஆகவே நீ கேட்கும் படகுச் சவாரி நீ வருகிற பிப்ரவரியில் அனுமதிக்கப்படுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுமதித்தாலும் நான் வரமாட்டேன். இவ்வளவு குறைவாக இருக்கும் மீனை அதிகமாகப் பிடிக்கும் வழியில் போய்ப் பிடிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

நீ பிடிக்கப்போகும் மீன் உனக்குத் தெரியாத மீனில்லை. சின்ன வயதில் ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் பார்த்தோமே, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட், அதே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ, கடலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டீல்ஹெட். குஞ்சு இரண்டு வருடம் போல ஆற்றில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய் வட பசிபிக்கில் இரண்டு மூன்று வருடம் சுற்றிவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே வருகிறது, அப்போது எட்டுப் பத்து பவுண்டு இருக்கும், இருபதைத் தொடுவது அபூர்வம். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும், இது அப்படியில்லை, பிழைத்துக் கடலுக்குத் திரும்பி இன்னொரு முறை வரக்கூடியது, அப்படித் திரும்ப வருவதில் பெண் மீன்தான் அதிகம். பிடித்த மீனை ஏன் விடவேண்டும் என்று அடுத்து நீ கேட்பாய் என்று தெரியும், பதில் இதிலேயே இருக்கிறது.

எல்வா என்ற ஆற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், அதே தீபகற்பத்தின் வடக்குப் பக்கம் ஓடுகிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காகக் குறுக்கே இரண்டு அணை கட்டினார்கள், மீன் ஏறுவதற்கு வழி வைக்காமல். 2011ல் இடிக்கத் தொடங்கி 2014ல் முடித்தார்கள். அணைக்கு மேலே மாட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வெறும் ரெயின்போவாக வாழ்ந்த மீன்களின் வாரிசுகள் வழி கிடைத்ததும் கடலுக்குப் போய் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின. ஏறக்குறைய நூறு வருடம் கடலையே பார்க்காத வம்சம்! இந்த மீன் மேல் எனக்கு இருக்கும் பைத்தியத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, நாம் போகப்போவது எல்வா இல்லை, ஃபோர்க்ஸ் என்ற ஊர். சியாட்டிலிலிருந்து காரில் நாலு மணி நேரம் பிடிக்கும். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம், சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதில் பெரும்பகுதி நாம் போகும் காலத்தில்தான். அதனால் எந்த ஆறு என்பதை நான் இப்போதே சொல்ல முடியாது, மழைதான் சொல்லும். ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளிலிருந்து வருகிறது, பெருமழை பெய்தால் சிமெண்டுக் கரைசல் மாதிரி ஆகிவிடும், தெளிய நாளாகும். சோல் டக்கில் பனிப்பாறை கிடையாது, அது சீக்கிரம் தெளியும், ஆனால் பாறையும் குண்டும் குழியுமாகக் கால் வைக்கவே பயமாக இருக்கும். போகஷீல் இரண்டுக்கும் நடுவில். தண்ணீர் ஏறும்போது போவது வீண். மழை விட்டு ஆறு வடிய ஆரம்பித்து, இரண்டு மூன்று அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பச்சை நிறத்துக்கு வரும், அன்றைக்குப் போகவேண்டும். அரசின் நீரளவுமானிகள் மணிக்கணக்கில் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும், நான் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் லேப்டாப்பை முறைத்துப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இப்போது ஸ்விங். கம்பு பதின்மூன்று அடி, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். முதுகுக்குப் பின்னாலேயே ஆல்டர், ஸ்ப்ரூஸ் மரங்கள் ஒட்டி நிற்பதால் நீ டிவியில் பார்த்திருக்கும் பின்னால் வீசி முன்னால் எறியும் வேலையெல்லாம் இங்கே நடக்காது. கயிற்றைத் தண்ணீர்மேல் வைத்து, அந்தப் பிடிப்பிலேயே ஒரு வளையம் போட்டு உருட்டி விடுவோம். ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றங்கரையில் பிறந்த வித்தை, அதைக் குட்டையான கனத்த கயிறும் பெரிய ஃப்ளையும் வைத்து வீசுகிற மாதிரி மாற்றியது இங்கே ஸ்காஜிட் ஆற்றுக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் எட் வார்ட் என்பவர் கட்டிய இன்ட்ரூடர் என்ற ஃப்ளைதான் இப்போது எல்லார் பெட்டியிலும் இருக்கிறது, நீளமான இறகும் வாலில் தொங்கும் முள்ளுமாகப் பார்க்க ஏதோ கடல் ஜந்து மாதிரி இருக்கும். அதற்கெல்லாம் முன்பே, ஃபோர்க்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த சிட் கிளாசோ பழைய ஸ்பே பாணியில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய நீண்ட இறகு வைத்துக் கட்டினார். எனக்கு அதுதான் அழகு. கலங்கல் தண்ணீரில் மட்டும் மானத்தை விட்டுவிட்டுக் கறுப்பும் நீலமுமாகப் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொள்வேன்.

ஆள் நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் தேடவேண்டும், ஆழம் இடுப்பிலிருந்து தலை வரை. எதிர்க்கரைப் பக்கம் சாய்வாகக் கீழ்நோக்கி வீசு. கயிற்றை நீரோட்டத்துக்கு மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டு ஃப்ளை மூழ்க நேரம் கொடு, நுனியில் டங்ஸ்டன் பூசிய பத்தடிக் கயிறு அதைக் கீழே இழுத்துப் போகும். அப்புறம் ஒன்றும் செய்யாதே. நீரோட்டமே ஃப்ளையை வில் போல வளைத்து உன் பக்கத்துக் கரைக்குக் கொண்டுவரும். தண்ணீர் நாலைந்து டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மீன் சோம்பலாகக் கிடக்கும், ஆற்றுக்குள் வந்தபின் பெரிதாகச் சாப்பிடுவதும் இல்லை, அதனால் ஃப்ளை மெதுவாக, கிட்டத்தில் போகவேண்டும். உனக்கு நேர் கீழே வந்து நின்றதும் உடனே இழுத்துவிடாதே, சில விநாடி தொங்கட்டும், பின்னாலேயே வந்த மீன் அங்கேதான் மனம் மாறிக் கடிக்கும். பிறகு இரண்டு எட்டு கீழே நகர்ந்து மறுபடி வீசு. இப்படியே அந்த நீட்டம் முடியும் வரை.

மீன் ஃப்ளையை எடுத்தால்? டெக்சாஸ் ஏரியில் பாஸ் மீன் பிடித்துப் பழகிய உனக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். கடித்த உணர்வு வந்ததும் வெடுக்கென்று கம்பைத் தூக்குவாய், தூக்கினால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவாய். கையை அசைக்காதே. மீன் திரும்பி ரீலிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு போகட்டும், முள் தாடையின் ஓரத்தில் தானாகவே ஏறும், அதன் பிறகு கம்பைத் தூக்கு. சொல்வது சுலபம், செவிக்குப் பக்கத்தில் ரீல் அலறும்போது சும்மா நிற்பதற்குப் பெரிய வைராக்கியம் வேண்டும்.

கரைக்கு வந்ததும் முதலில் முதுகைப் பார். வாலுக்குச் சற்று முன்னால் சதைக் கட்டி மாதிரி ஒரு சின்னக் கொழுப்புத் துடுப்பு இருந்தால் ஆற்றிலேயே பிறந்த மீன், விட்டே ஆகவேண்டும். பொரிப்பகத்தில் வளர்த்தவற்றுக்கு அந்தத் துடுப்பை வெட்டித்தான் அனுப்புவார்கள். அப்படி ஒன்று மாட்டி, அன்றைய விதியும் அனுமதித்தால், தயங்காமல் எடுத்துக் குழம்பு வை, அது ஆற்று மீனோடு கலந்து முட்டையிடாமல் இருப்பதே நல்லது. பொரிப்பக மீன் டிசம்பர் ஜனவரியில் வரும்படி வளர்க்கப்பட்டது, அதைப் பிடிக்கத் திரண்ட கூட்டமும் வலையும் சேர்ந்து, அதே மாதங்களில் வந்துகொண்டிருந்த ஆற்று மீன்களையும் காலி செய்துவிட்டன. நீ வரும் பிப்ரவரியில் பெரும்பாலும் ஆற்றில் பிறந்ததுதான் இருக்கும். ஆகவே அத்தையிடம் மீன் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. அப்புறம் போட்டோ. இந்த மாநிலத்தில் ஆற்று ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டு முழுசாகத் தூக்குவதே சட்டப்படி தப்பு. வாலடியை ஒரு கையால் பிடித்து, செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்க, நீ குனிந்து நிற்கும்போது நான் எடுக்கிறேன். மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் போஸ் கிடைக்காது.

வலை என்றதும் இன்னொன்று. ஃபோர்க்ஸில் காபிக் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் யாராவது பழங்குடிகள் வலை போடுவதால்தான் மீன் போயிற்று என்று ஆரம்பிப்பார்கள், நீ தலையாட்டிவிடாதே. ஹோ, கிலியூட், குயினால்ட் மக்கள் 1850களில் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டு மீன்பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டவர்கள். அந்த உரிமைக்கு, பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை என்று பொருள் சொல்லி 1974ல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மரத்தை மொட்டையடித்தவர்களும் ஆற்றோரம் சாலை போட்டவர்களும் பெரும்பாலும் அவர்களில்லை. வலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை, மீதிப் பாதியை நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துப் பேசலாம் என்கிறேன்.

உனக்கு வேண்டியவை: வெளி மாநிலத்தாருக்கான நன்னீர் லைசென்ஸ், அதோடு மீன் பதிவு அட்டை, இரண்டும் ஆன்லைனில் வாங்கலாம். உள்ளே போட கம்பளித் துணி, பருத்தி கூடவே கூடாது, நனைந்தால் உயிரை எடுத்துவிடும். மார்பு வரை வரும் வேடர்ஸ் என்ற தண்ணீர் புகாத கால்சட்டை என்னிடம் இன்னொன்று இருக்கிறது, இடுப்பு பெல்ட்டைக் கட்டாமல் தண்ணீரில் இறங்க விடமாட்டேன், விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையாமல் காப்பது அதுதான். ஊன்றுகோலும் உண்டு, கௌரவம் பார்க்காமல் பிடித்துக்கொள். வெள்ளி இரவு மீன்துறையின் அவசர அறிவிப்பைப் பார்ப்பேன், மூடியிருந்தாலோ ஆறு பொங்கியிருந்தாலோ தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு லா புஷ் கடற்கரைக்குப் போய் அலை பார்ப்போம், அதற்கும் மழைக் கோட்டு வேண்டும். ஷூ சைஸ் எத்தனை என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல், பூட்ஸ் கடன் கேட்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்