பால் பல்லின் செலவுக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், குழந்தைகளின் சொத்தைப் பல் பற்றி எழுதியவர், "ட்ரில் போடாமல் செய்யும் சிகிச்சை வசதியில்லாதவர்களுக்கான தற்காலிக ஏற்பாடு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவருக்கு அது ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வரும் பெற்றோரிடம் பேசித் தீர்ப்பது எங்கள் வேலையாகிவிடுகிறது.

2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ட்ரில் இல்லாமலே சொத்தையை நிறுத்தத் தடவும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு திரவத்தையும், குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டையும் சேர்த்தது தாங்கள் அறியாததல்ல. பிரிட்டனில் 3 முதல் 7 வயது வரையிலான 1,144 குழந்தைகளிடம் பால் பல் சொத்தைக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு நடந்து, 2020-ல் வெளியான ஃபிக்‌ஷன் ஆய்வும் தெரிந்ததே. குடைந்து அடைத்த குழு, சொத்தையை உள்ளேயே வைத்து மூடிய குழு, தடுப்பு முறைகள் மட்டும் பெற்ற குழு என மூன்றிலும் வலியும் சீழும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தன. குடைந்ததற்குச் செலவு கூடியதே தவிர, மூடியதைவிடப் பலன் கூடவில்லை.

பால் பல்லின் கணக்கு அது தானாக விழும் நாளில்தான் முடிகிறது. முன்பல்லுக்கு அது 6, 7 வயது. இரண்டாம் கடைவாய்ப்பல்லோ 10, 12 வயது வரை நிற்க வேண்டும். அதை முன்னதாகப் பிடுங்கினால் 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் கம்பி கட்டும் செலவை யாரும் இந்தக் கணக்கில் எழுதுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து "ஒரே நாளில் முடிப்பதை" மெச்சியிருக்கிறார் கட்டுரையாளர். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், கண்காணிப்பு என்று அத்தனை செலவுக்குப் பிறகும் ராத்திரிப் பால் புட்டி நிற்காவிட்டால் அடுத்த பல்லில் சொத்தை வரத்தான் செய்யும்.

எளிய முறை தோற்பதே இல்லை என்று சொல்லவில்லை. தோற்பதற்குக் காரணம் இருக்கிறது. 38 சதவீத சில்வர் டயமின் ஃப்ளூரைடு ஒரு சொட்டு நாலைந்து பற்களுக்குப் போதும். உதட்டில் வாஸலின் தடவி, பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்தி, ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பத் தடவ வேண்டும். சொத்தை கறுத்துவிடும் என்பதை முன்பே சொல்லாவிட்டால் சண்டைதான். இரவில் தானாக வலித்து எழும் குழந்தைக்கும், ஈறில் கொப்புளம் உள்ள பல்லுக்கும் இதைத் தடவிவிட்டு மருந்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை. கைக்கருவியால் சுரண்டி அடைக்கும் சிமென்ட்டுக்கு எச்சில்தான் எதிரி. கலவையின் பளபளப்பு போவதற்குள் வைத்து, வாஸலின் தடவிய விரலால் அழுத்த வேண்டும். ஒரே பரப்பில் உள்ள குழியில் நன்றாக நிற்கும். இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட குழியில் அடிக்கடி பெயர்ந்துவிடும். அங்கே, சொத்தையைச் சுரண்டாமலே மூடும் ஹால் முறையில் ஊசியும் ட்ரில்லும் இல்லாமல் ஸ்டீல் கேப் ஒட்டுவதே சரி. கேப் போட்ட பல் முதலில் முட்டுவதால் சில வாரம் கடி உயர்ந்திருக்கும், தானே சமனாகிவிடும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் மறுநாளே வந்து நிற்பார்கள்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று தலைப்பே போட்ட பத்திரிகை தங்களுடையது. சிறுவர்களுக்கு ஃப்ளூரைடு பேஸ்ட்டே கூடாது என்று ஒரு அழகுக் குறிப்புப் பக்கத்தில் அறிவித்ததும் தாங்களே. பல் பற்றி எது வந்தாலும் வாயைப் பிளந்து அலறும் குழந்தையின் அதே படம்! அதைப் பார்த்து வளரும் பிள்ளை எங்கள் நாற்காலியில் எப்படி வாய் திறக்கும் என்பதைத் தங்கள் ஓவியப் பிரிவு யோசித்திருக்கும் என நம்புகிறேன்.

மறுப்பு வெளியிடுமளவுக்குத் தங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இதையாவது போடுங்கள்: 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், 3 வயதுக்குள் அரிசியளவு, 3 முதல் 6 வரை பட்டாணியளவு, தினம் இரு வேளை, அதில் ஒன்று படுக்கப் போகுமுன், பெரியவர் கையால். அந்தப் படம் இல்லாமல்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குழந்தைகள் பல் மருத்துவர்