இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கட்டும்: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வேலைநேர மாற்றம் குறித்து வாசகர் வட்டத்தின் சார்பில் நாங்கள் கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. ஒரே நூலகர் இரண்டு நூலகங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற காரணமும் எங்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே பழைய கதையை மறுபடியும் விரிக்கவில்லை. காலை எட்டு முதல் பதினொன்று வரையும் மாலை நான்கு முதல் எட்டு வரையும் இருந்த நேரம், திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் மட்டும் காலை பத்து முதல் மாலை ஐந்து என்று சுருங்கியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அண்மையில் நடந்த புத்தகத் திருவிழாவின் மேடைப் பேச்சைக் கேட்ட பிறகுதான், மனுவில் கேட்டதைப் பொதுவிலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

நாள்தோறும் அரை மணி நேரமாவது படிக்க வேண்டும் என்றும், கைப்பேசியைக் கீழே வைத்தால் அதற்கான நேரம் தானாகவே கிடைக்கும் என்றும் அந்த மேடையில் பேசியவர்கள் அனைவரும் அறிவுறுத்தினார்கள். கீழே அமர்ந்து கைதட்டியவர்களில் எங்கள் வட்டத்து உறுப்பினரான ஒரு பெண்ணும் இருந்தார். அவர் பனியன் கம்பெனியொன்றில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு முன்பே வேன் ஏறினால், திரும்பி வந்து இறங்கும்போது மாலை ஆறேகால் ஆகிவிடும். வேன் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் நூலகம் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே கால் மணி நேரம் நின்று புத்தகத்தை மாற்றிக்கொண்டு போவார். மதிய இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கட்டுக் கட்டாக அடுக்கிய துணிகளில் சாய்ந்துகொண்டு படிப்பார். தைக்கும்போது வீணான சைஸ் லேபிள்தான் அவருக்குப் பக்க அடையாளம். எந்த மேடையும் சொல்லாமலே அரை மணி நேரத்தை அவர் தேடி எடுத்து வைத்திருந்தார்.

இப்போது அவர் இறங்கும்போது கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. நாவலொன்றின் முதல் பாகத்தை முடித்தவர், இரண்டாம் பாகத்துக்காகப் பள்ளி விட்டு வரும் மகனிடம் உறுப்பினர் அட்டையைக் கொடுத்தனுப்பினார். பையன் ஐந்து மணிக்குள் ஓடிப்போய் இரண்டாம் பாகத்தைத்தான் எடுத்து வந்தான். ஆனால் அது வேறொரு நாவலின் இரண்டாம் பாகம். வந்ததை விடுவானேன் என்று அதையும் அவர் நடுவிலிருந்தே படித்து முடித்துவிட்டார். சனிக்கிழமையும் கம்பெனி உண்டு. தவணைக்குள் புத்தகத்தை அவரே நேரில் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அரை நாள் கூலியை விட வேண்டும். விடாவிட்டால் தாமதக் கட்டணம். கட்டணம் சிறிய தொகைதான். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவரிடம் தாமதம் என்று சொல்லி அதை வசூலிப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று சீர்காழி தந்த நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனின் படத்துக்குத் தாங்கள் மாலை அணிவிக்கிறீர்கள். 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்களுக்கு வண்டி வேண்டாம். நாங்களே நடந்து வருகிறோம், நாங்கள் வரும் நேரத்தில் கதவு திறந்திருந்தால் போதும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து என்று நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்த வரியை இணையவழியில் நள்ளிரவிலும் கட்டலாம். வாங்குவதற்கு ஆள் பற்றாக்குறை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கோட்டூர்புரத்தில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் பெரிய நூலகங்கள் எழுந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு நாவலின் இரண்டாம் பாகத்துக்காக ஊர்க்காரர் மதுரைக்கு பஸ் ஏற முடியுமா? எங்கள் நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானவர்களின் பெயர்ப் பலகை கம்பிக் கதவு வழியே நன்றாகத் தெரிகிறது. மாலையில் வருகிறவர்கள் அதையாவது படித்துவிட்டுப் போகலாம் என்பது தங்கள் திட்டமானால், பலகையில் இன்னும் சில பெயர்களைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். நூலகர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்ஸில் அலைகிறவர் அவர். காலிப் பணியிடத்தை நிரப்பும் அதிகாரம் தங்கள் கையில் மட்டும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கூடுதல் ஆளோ கூடுதல் நிதியோ கேட்காமல், இருக்கும் ஏழு மணி நேரத்தை நகர்த்திவைக்க மட்டும் கேட்கிறோம். பத்து முதல் ஐந்து என்பதை மதியம் ஒன்று முதல் இரவு எட்டு என்று மாற்றுங்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் மதியத்திலும் வரலாம். மாணவர்களுக்குப் பள்ளி விட்ட பிறகுதான் வசதி. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையைத் தவிர வேறு நேரம் இல்லை. மூன்று நாள்களில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. இரவு எட்டு மணிக்கு நூலகர் ஊர் திரும்ப பஸ் கிடைக்காது என்பது தடையாக இருக்குமானால், ஏழரைக்கு மூடுவதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

நவம்பரில் நூலக வார விழா அழைப்பிதழை அச்சிடும் பொறுப்பு வழக்கம்போல் வாசகர் வட்டத்துக்கு வரும். அதற்குள் புதிய நேரத்துக்கான உத்தரவை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எங்களுக்குத் தனியாகப் பதில் எழுத நேரமில்லாவிட்டால், நூலகக் கதவில் ஒட்டியிருக்கும் பழைய அறிவிப்பின் மேல் புதியதை ஒட்டச் செய்தாலே போதும்.

இங்ஙனம்,
கிளை நூலக வாசகர் வட்டத்தின் சார்பில்,
ஓர் உறுப்பினர்