பாதுகாப்புக் குழு: யாருக்கு எந்தப் பொறுப்பு

அனைவருக்கும் வணக்கம்ங்க. அடுத்த மாதம் முதல் நம்ம டையிங் யூனிட்டில் (சாயப்பட்டறையில்) பாதுகாப்பு வேலையை ஆளுக்கு ஒரு துறையாகப் பிரிச்சிருக்கோம்.

கழிவுநீர்த் தொட்டி மெயின்டனன்ஸ் அண்ணன் பொறுப்பு. நம்மிடம் உள்ளதிலேயே எனக்குப் பயமான இடம் இதுதான். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால் "வாடை இல்லை, இறங்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. வாயு மீட்டர் பார்க்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது. எழுத்து அனுமதி வேணும், மேலே ஒரு ஆள் நிற்கணும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றுகிறேன் என்று வெறுமனே குதிச்சிடாதீங்க. அண்ணன் கையெழுத்து இல்லாமல் மூடி திறக்கக் கூடாது, முதலாளியே சொன்னாலும் சரி.

கெமிக்கல் குடோன் ஸ்டோர் அக்காவுக்கு. ஹைட்ரோஸ் (சாய வேலைக்கான சோடியம் ஹைட்ரோசல்பைட் பவுடர்) டிரம்மில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்; அதை, துணி வெளுக்கும் பெராக்சைடு பக்கத்தில் அடுக்கும் பழக்கத்தை அக்காதான் நிறுத்தணும்.

பாய்லர், சான்றிதழ் உள்ள ஆபரேட்டருக்கு. மின்சாரமும் தீயணைப்புக் கருவிகளும் எலக்ட்ரீஷியன் தம்பிக்கு.

முதலுதவிக்கு இன்னும் ஆள் இல்லைங்க. இரவு ஷிப்டில் இருப்பவர் யாராவது பெயர் கொடுத்தால் நல்லது.

துறை மாற்றணும் என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்க. கட்டைவிரல் மட்டும் போட்டால் போதாது, உங்க துறையை டைப் பண்ணி அனுப்புங்க.